ஜான் பீலின் செவியைத் தொகுக்க முடியுமா?

பிரிட்டிஷ் வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் 2004 அக்டோபர் 25 அன்று பெரு நாட்டின் குஸ்கோ நகரில் மாரடைப்பால் இறந்தார். மறு ஆண்டே ‘ஜான் பீல்: எ ட்ரிப்யூட்’ என்ற பெயரில் இரண்டு குறுந்தகடுகள் கொண்ட பாட்டுத் தொகுப்பு ஒன்று வந்தது. அட்டையில் இருப்பது அவர் பெயர். உள்ளே இருப்பவை எல்லாம் பிறர் பாட்டு. பீல் பாடகர் இல்லை, வாத்தியக்காரரும் இல்லை. 1971-இல் ராட் ஸ்டீவர்ட்டின் ‘மேகி மே’ தொலைக்காட்சியில் வந்தபோது மாண்டலினும் கையுமாக மேடையில் உட்கார்ந்திருந்தார். அதுவும் வெறும் பாவனைதான். இப்படிப்பட்ட ஒருவர் பெயரில் ஒரு தொகுப்பு விற்பனைக்கு வருகிறது என்றால், கடையில் விலை போவது அவருடைய ரசனை. அந்த ரசனை எத்தகையது, அதை இரண்டு தட்டுகளில் அடக்க முடியுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி. பீலின் ரசனை என்று நாம் சொல்வது பாட்டுகளின் பட்டியல் இல்லை என்பது என் கட்சி. இன்னும் கேட்காத ஒன்றுக்கு நாள்தோறும் இடம் ஒழித்து வைக்கும் ஒரு வேலைமுறை அது. ஆகவே மிகச் சிறந்த பாட்டுகளாகப் பொறுக்கி எடுத்த தொகுப்பு எதுவோ, அதுவே அவரிடமிருந்து மிகத் தள்ளி நிற்கிறது.

அவரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. இயற்பெயர் ஜான் ரேவன்ஸ்கிராஃப்ட். 1939-இல் லிவர்பூலுக்கு அருகே ஹெஸ்வாலில் பிறந்தார். தந்தை பஞ்சு வணிகர். 1960-இல் அமெரிக்கா போனவர் டல்லாஸ், ஓக்லஹோமா சிட்டி, சான் பெர்னார்டினோ என்று வானொலி நிலையங்களில் வேலை பார்த்தார். பீட்டில்ஸ் அலை அடித்தபோது லிவர்பூல் பக்கத்துக்காரர் என்பதே அங்கே ஒரு தகுதியாக இருந்தது. 1967-இல் திரும்பி வந்து, கடலில் நின்ற கப்பலிலிருந்து உரிமமில்லாமல் ஒலிபரப்பிய ரேடியோ லண்டனில் சேர்ந்தார். அந்த ஆகஸ்டில் சட்டம் போட்டு அத்தகைய கப்பல்களின் வாயை அடைத்த அரசாங்கம், செப்டம்பர் 30 அன்று பிபிசி ரேடியோ 1 என்ற புதிய அலைவரிசையைத் தொடங்கியது. மறுநாளே பீல் அதில் பேசினார். இறக்கும்வரை, 37 ஆண்டுகள், அங்கேயே இருந்தார். தொடக்க அணியில் கடைசிவரை தங்கியவர் அவர் ஒருவரே.

தமிழருக்குத் தொகுப்பு என்பது புதிய செய்தி இல்லை. நம் பழைய பாட்டுகளில் பெரும்பகுதி நம் கைக்கு வந்ததே தொகைகளாகத்தான். தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று இரண்டு பெயர்களைத் தனித்தனியே குறித்து வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. இந்தத் தொகைகளுக்கு வெளிப்படையான விதி இருக்கிறது. குறுந்தொகைக்கு நாலடி முதல் எட்டடி. அகநானூற்றுக்குப் பதின்மூன்று முதல் முப்பத்தோரடி. அதில் பாட்டின் வரிசை எண் ஒற்றைப்படை என்றால் பாலைத் திணை. விதி இருப்பதால் தொகுத்தவரின் செவி விதிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஆனால் அதே உருத்திரசன்மரைப் பற்றி இறையனார் களவியலுரை சொல்லும் கதை வேறு மாதிரியானது. அதில் அவன் ஐந்து வயது ஊமைப் பிள்ளை. இறையனார் களவியலுக்குப் புலவர்கள் ஒவ்வொருவராக உரை சொல்லச் சொல்லக் கேட்டிருந்து, சரியான உரை வந்த இடத்தில் மெய்சிலிர்த்துக் கண்ணீர் விடுகிறான். அவனால் காரணம் சொல்ல முடியாது. விதியால் தொகுப்பவன், செவியால் தொகுப்பவன் என்று இரண்டு வகைத் தொகுப்பாளரை ஒரே பெயரில் நம் மரபு வைத்திருக்கிறது. பீல் இரண்டாம் வகை. அடிக்கணக்கு, திணை, காலம், நாடு என்று எதையும் அவர் தொகுப்பின் விதியாகக் காட்ட முடியாது.

1990-இல் பிபிசியின் ‘டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சியில் அவரை அழைத்து, ஆளில்லாத் தீவுக்கு எடுத்துச் செல்ல எட்டு இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த எட்டில் மேலைச் செவ்விசையின் ஹாண்டல் இருந்தார், ராக்மனினாஃப் இருந்தார். ராய் ஆர்பிசன், ஜிம்மி ரீடின் புளூஸ், லண்டன் ரெக்கே குழுவான மிஸ்டி இன் ரூட்ஸ், வட அயர்லாந்தின் அண்டர்டோன்ஸ், மான்செஸ்டரின் தி ஃபால், ஜிம்பாப்வேயின் ஃபோர் பிரதர்ஸ். எட்டே பாட்டில் மூன்று கண்டங்கள், ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள். நினைவுத் தொகுப்புகள் எல்லாம் இந்த அகலத்தைத்தான் காட்ட முயல்கின்றன, காட்டியும் விடுகின்றன. ஆனால் இந்த எட்டும் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொன்ன விடை. அவர் வாரந்தோறும் வானொலியில் செய்த வேலையின் முகமோ எதிர்ப்பக்கம், இன்னும் கேட்காததை நோக்கி.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு குறுந்தகட்டில் அதிகம் போனால் 80 நிமிடம் கொள்ளும். இரண்டில் 160 நிமிடம். பீலின் இரவு நிகழ்ச்சி பெரும்பாலும் இரண்டு மணி நேரம் போகும். ஆக, 37 ஆண்டுகளைச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் தொகுப்பின் கொள்ளளவு, அவருடைய ஒரே ஓர் இரவைவிடச் சற்றுத்தான் கூடுதல். அந்த ஓர் இரவில் என்ன நடக்கும்? ஹார்மோனியப் பெட்டியை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்துக் கவிஞர் ஐவர் கட்லர் முணுமுணுப்பார். அடுத்து, சில நொடிகளில் முடிந்துபோகும் நேபாம் டெத் குழுவின் கூச்சல். அவர்களுடைய பாட்டு ஒன்றின் முழு நீளமே ஒரு நொடிக்குச் சற்றே மேல். பின்னர் ஆப்பிரிக்கக் கிதார். பின்னர் யாரோ நான்கு பையன்கள் வீட்டிலேயே பதிந்து தபாலில் அனுப்பிய தட்டு. அது 33 வேகத்தில் ஓட வேண்டியதா 45-இல் ஓட வேண்டியதா என்று தெரியாமல் தவறான வேகத்தில் ஓடவிட்டு, மன்னிப்புக் கேட்டு, திரும்ப வைப்பார். இவற்றில் பாதி மறுநாள் யார் நினைவிலும் இருக்காது. ஆனால் நேயரைத் தூங்கவிடாமல் உட்கார வைத்தது அந்தப் பாதியும் சேர்ந்துதான். அடுத்து வருவது நன்றாக இருக்குமா என்பது தெரிந்துவிட்டால் கேட்பதில் ஒரு பங்கு போய்விடும். தொகுப்பில் அடுத்து வருவது நிச்சயம் நன்றாக இருக்கும். பின் அட்டையில் பெயரும் அச்சிட்டிருக்கும்.

இனி, அந்த அகலம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு மனிதரின் தாராள மனம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. நினைவு மலர்கள் அப்படித்தான் முடிக்கும். உண்மையில் அதன் வேர் ஒரு தொழிற்சங்க உடன்படிக்கையில் இருக்கிறது. பிபிசி நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று இசைத்தட்டு நிறுவனங்களின் அமைப்பும் இசைக்கலைஞர் சங்கமும் கட்டுப்பாடு வைத்திருந்தன. தட்டின் மேல் முள் ஓடும் நேரம் என்ற பொருளில் அதற்கு ‘நீடில் டைம்’ என்று பெயர். எல்லாரும் தட்டையே போட்டுக்கொண்டிருந்தால் வாசிக்கிறவன் பிழைப்பு என்னாகும் என்பது சங்கத்தின் கவலை. மீதி நேரத்தை நிரப்ப பிபிசி கலைஞர்களை வரவழைத்துக் கூலி கொடுத்து வாசிக்க வைத்தாக வேண்டும். பெரும்பாலான நிகழ்ச்சிகள் இந்தக் கட்டாயத்தை ஒரு தொல்லையாக நினைத்து, பிரபலமான பாட்டுகளை வேறு ஆட்களை வைத்து வாசித்து ஒப்பேற்றின. பீலும் அவருடைய தயாரிப்பாளர்கள் பெர்னி ஆண்ட்ரூஸும் ஜான் வால்டர்ஸும் அதையே கதவாக மாற்றிக்கொண்டார்கள். வரவழைக்கத்தான் வேண்டும் என்றால், தட்டே வெளியிடாதவனை வரவழைப்போமே என்றார்கள்.

‘பீல் செஷன்’ என்று பின்னால் புகழ்பெற்றது இதுதான். இடம் லண்டனின் மைடா வேல் ஒலிப்பதிவுக்கூடம். ஒரு காலத்தில் உருளைச் சறுக்கு அரங்கமாக இருந்த கட்டடம் அது. 1934-இல் பிபிசி கைக்கு வந்தது. குழு காலையிலோ மதியத்திலோ வந்து கருவிகளை இறக்கும். வழக்கமாக நான்கு பாட்டு. இரவுக்குள் பதிந்து, ஒலிகளைக் கலந்து முடித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் செதுக்க நேரமில்லை. சங்கம் நிர்ணயித்த கூலி கையில் கிடைக்கும். நிறுவன ஒப்பந்தம் இருக்க வேண்டியதில்லை. சூசி அண்ட் த பான்ஷீஸ் 1977-இல் முதல் செஷன் பதிந்தபோது அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு நிறுவனமும் முன்வந்திருக்கவில்லை. தி ஸ்மித்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்தது 1984-இல். அதற்கு முந்தைய ஆண்டே அவர்கள் பீலுக்குப் பதிந்துவிட்டார்கள். அந்தப் பதிவுகள் ‘ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ’ என்ற தொகுப்பில் இடம்பெற்றபோது, செதுக்கிய ஆல்பத்தைவிட இந்த அவசரப் பதிவுகளே மேல் என்று சொன்ன ரசிகர்கள் ஏராளம். மொத்தம் 4,000-க்கும் மேற்பட்ட செஷன்கள், 2,000-க்கும் மேற்பட்ட கலைஞர்கள். 37 ஆண்டுக்கு வகுத்தால் வாரத்துக்கு இரண்டு புதிய பதிவுகள். இந்த எண்ணிக்கையில் மேதைகள் எந்த நாட்டிலும் கிடைக்க மாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு பேரை அழைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர், வெற்றி நிச்சயமானவர்களை மட்டும் அழைக்க முடியாது. தோற்கக்கூடியவர்களுக்கு இடம் இருந்ததால்தான் வென்றவர்களும் உள்ளே வந்தார்கள். நாற்பது பாட்டுத் தொகுப்பு என்றால் இந்த இரண்டாயிரம் பேரில் நூற்றுக்கு இரண்டு பேர். எஞ்சிய தொண்ணூற்றெட்டு பேரைக் கழிவு என்று சொல்லலாமா? அந்த இரண்டு பேருக்கு நாம் கொடுத்த விலை அவர்கள்.

சிறந்ததைப் பொறுக்குவது எப்படி அகலத்தைக் கொல்கிறது என்பதற்குப் பீலின் நிகழ்ச்சியிலேயே ஒரு சான்று உண்டு. 1976 முதல் ஆண்டிறுதியில் நேயர்கள் வாக்களித்து ஐம்பது பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் ‘ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி’ நடந்தது. முதல் ஆண்டு உச்சியில் நின்றது லெட் செப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’. அதே காலத்தில் பங்க் என்ற முரட்டு ராக் அலை வந்தது. பங்க் குழுவான ரமோன்ஸின் தட்டைப் பீல் போட்டதும், இனி இதைப் போடாதே என்று பழைய நேயர்கள் கடிதம் எழுதினார்கள். அவர் மேலும் போட்டார். 1978-இல் உச்சியில் செக்ஸ் பிஸ்டல்ஸ். ஆள் மாறியது, ஆனால் வகை குறுகிப்போனது. ஆண்டு முழுவதும் ரெக்கே, ஆப்பிரிக்க இசை, ஹிப்ஹாப், டெக்னோ என்று அவர் போட்டாலும், வாக்கு எண்ணியபோது வந்தவை பெரும்பாலும் கிதார் ஏந்திய வெள்ளைப் பையன்கள். பீலுக்கு அலுத்துப்போய், 1991 பட்டியலை அந்த ஆண்டு ஒலிபரப்பவே இல்லை. 1993-இல்தான் வாரம் ஒன்றாக வெளிவிட்டார். இதில் நேயர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கணக்கு அப்படி. ஆயிரம் பேருக்கு ஆயிரம் வேறு வேறு அபூர்வப் பாட்டுகள் பிடித்திருந்தால் அந்த வாக்குகள் சிதறும். ஐம்பது பேருக்குப் பொதுவாகப் பிடித்தது மேலே வரும். பலருக்குப் பிடித்ததைக் கூட்டினால் பட்டியல் கிடைக்கும். பீலின் இரவோ சிலருக்கு மட்டுமே பிடித்தவற்றை அடுத்தடுத்து வைத்தது. நினைவுத் தொகுப்பும் ஒருவகை வாக்கெடுப்புதான். இங்கே வாக்களிப்பது காலமும் சந்தையும். அண்டர்டோன்ஸின் ‘டீனேஜ் கிக்ஸ்’ இல்லாத பீல் தொகுப்பை யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். 1978-இல் அவர் அதை வானொலியில் ஒருமுறை போட்டு முடித்த கையோடு மறுபடியும் போட்டார் என்பது உண்மை. அன்று அது யாரும் கேட்டிராத பாட்டு. இன்று எல்லாரும் கேட்ட பாட்டு என்பதால் தொகுப்பில் இருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு கொஞ்சம் கூர்மையானது: எல்லாவற்றையும் ரசிப்பவனுக்கு ரசனை என்று ஒன்று எப்படி இருக்கும்? எதையும் தள்ளாதவன் தரம் பார்க்கிறான் என்று எப்படிச் சொல்வது? பீல் எதையும் தள்ளவில்லை என்பது தவறான தகவல். தொடக்க காலத்தில் அவர் தூக்கிப் பிடித்தவர் டிரனோசாரஸ் ரெக்ஸின் மார்க் போலன்; நெருங்கிய நண்பரும்கூட. போலன் பெயரைச் சுருக்கி டி. ரெக்ஸ் ஆகி, 1971-இல் ‘கெட் இட் ஆன்’ பெரிய வெற்றி பெற்றபோது, அது தனக்குப் பிடிக்கவில்லை என்று பீல் வெளிப்படையாகச் சொன்னார், நட்பு கசந்தது. எதிர்ப்பக்கம் தி ஃபால் குழுவைப் பாருங்கள். 1978 முதல் 2004 வரை 24 செஷன்கள். உறுப்பினர்கள் வந்தார்கள், போனார்கள். பாடகர் மார்க் ஈ. ஸ்மித் மட்டும் நிலைத்தார். பீல் அழைத்துக்கொண்டே இருந்தார். அந்தச் செஷன்கள் முழுவதும் ஆறு குறுந்தகடுகளாக வந்ததும் அதே 2005-இல்தான். எல்லாருக்குமாக இரண்டு தட்டு, ஒரே குழுவுக்கு ஆறு தட்டு! இரண்டில் பீலை அதிகம் காட்டுவது ஆறு தட்டுப் பெட்டிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் நல்லது, சுமாரானது, உளறல் எல்லாம் தேதி வரிசையில் இருக்கின்றன, வடிகட்டவில்லை. பல்ப் குழு 1981-இல் முதல் செஷன் பதிந்தபோது அதன் பாடகர் ஜார்விஸ் காக்கருக்கு வயது 18. இரண்டாவது செஷன் 1993-இல். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். எதையும் தள்ளாத ஆளிடம் இப்படிப்பட்ட இடைவெளியும் இருக்காது, இப்படிப்பட்ட பிடிவாதமும் இருக்காது.

இரண்டாவது மறுப்பு, அவர் ஒரு வாயிற்காவலர் என்பது. நாடு முழுக்கக் கேட்கும் அலைவரிசையில், இரவு நேரத்தில், புதியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு வாசல்தான். அவருக்குப் பிடிக்காதவனுக்குப் போக்கிடம் குறைவு. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். வாசல் அகலமாக இருந்தது என்பதால் அது வாசல் இல்லை என்று ஆகிவிடாது. கொண்டாட்டத் தொகுப்புகளின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது: அவை அந்த மனிதரையே வியக்கச் சொல்கின்றன. 1965-இல் டெக்சாஸில் அவர் மணந்த பெண்ணுக்கு அப்போது வயது 15. அமெரிக்க ஆண்டுகளைப் பற்றி அவரே பேட்டிகளில் சொன்னவை இன்று படிக்கக் கூசுபவை. கிளாஸ்டன்பரி இசை விழாவில் அவர் பெயர் தாங்கிய மேடை 2023-இல் ‘வுட்சீஸ்’ என்று மாறியது. பாராட்ட வேண்டியது அந்த வேலைமுறையை என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம். சங்கம் போட்ட விதி, உரிமக் கட்டணத்தில் நடக்கும் ஒலிபரப்பு நிறுவனம், விளம்பரதாரர் கண்காணிக்காத இரவு நேரம், பிடிவாதமான தயாரிப்பாளர், தபால் மூட்டையைச் சலிக்காமல் பிரித்துக் கேட்ட ஒருவர், இவை அனைத்தும் சேர்ந்து செய்த வேலை அது. ஒருவர் முகத்தை அட்டையில் போட்டால் மற்றவை மறைந்துவிடும். வேறொரு நாட்டில், வேறொரு மொழியில் இந்த வேலையைத் திரும்பச் செய்ய நினைப்பவருக்குத் தேவைப்படுவது அந்த மற்றவைதான்.

கைப்பேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கிறதே, இனி பீல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. இணைய இசைச் சேவைகளின் பரிந்துரை நாம் கேட்டதை ஒத்த பாட்டைத் தேடித் தருகிறது. ஒப்புமைதான் அதன் விதி. ஹார்மோனியக் கவிஞருக்குப் பின் நேபாம் டெத்தை வைக்க எந்த ஒப்புமையும் இடம் தராது. பிடிக்காத பாட்டை ஒரு விரலால் தள்ளிவிடலாம் என்பது அங்கே வசதி; பிடிக்காத பாட்டு முடியும்வரை காத்திருந்த வானொலி நேயருக்கு, அந்த மூன்று நிமிடத்தில் மனம் மாறவும் ஒரு வாய்ப்பு இருந்தது.

அப்படியானால் தொகுப்பே கூடாதா, பதினேழு வயதில் ஒருவர் இன்று பீலை எங்கே தொடங்குவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பீலே 2002-இல் லண்டன் ஃபாப்ரிக் கேளிக்கையகத்தின் வரிசையில் ஏழாவது ‘ஃபாப்ரிக்லைவ்’ தட்டைத் தொகுத்தார். நடன மேடைக்கான தாளம் குறையாமல் ஒட்டுப்போடும் வித்தை அவருக்கு வராது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் புளூஸ், ஜாய் டிவிஷன், லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் கூட்டுப் பாட்டு என்று போட்டுக்கொண்டே போனார். 2009-இல் நான்கு தட்டுகளாக வந்த ‘காட்ஸ் காரவன்’ என்ற பீல் தொகுப்பு, டல்லாஸில் அவர் முதன்முதலில் வாய் திறந்த வானொலி நிகழ்ச்சியின் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவர் வீட்டில் பல்லாயிரக்கணக்கான தட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன மரப்பெட்டியில் 142 சிங்கிள்களைத் தனியே வைத்திருந்தார். அதில் ஒயிட் ஸ்டிரைப்ஸ் என்ற ராக் குழுவுக்குப் பக்கத்தில் ஜனரஞ்சக பாப் பாடகி ஷீனா ஈஸ்டனும் இருந்தார். ஷீனா ஈஸ்டனைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தப் பெட்டியின் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

இவற்றைவிட நேர்மையான தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதை யாரும் தொகுக்கவில்லை. பிபிசி அவருடைய எல்லா இரவுகளையும் காப்பகத்தில் வைக்கவில்லை. இன்று கேட்கக் கிடைக்கும் நிகழ்ச்சிகளில் பல, நேயர்கள் வீட்டில் கேசட்டில் பதிந்து பரணில் போட்டு வைத்திருந்தவை. அவர்களிலும் இரண்டு வகை. ஒரு சாரார், பீல் பேசத் தொடங்கியதும் நிறுத்துப் பொத்தானை அழுத்தி, தமக்குப் பிடித்த பாட்டு வந்ததும் விடுவித்துத் தொகுப்பாளர் ஆனார்கள். மற்றவர்கள் பதிவை ஓடவிட்டுத் தூங்கிப்போனார்கள். அந்த இரண்டாம் சாராரின் நாடாக்களில்தான் எல்லாம் இருக்கிறது: தவறான வேகத்தில் தொடங்கிய தட்டு, அவருடைய மன்னிப்பு, பெயர் தெரியாத குழு, நடுவே செய்தி அறிக்கை, பிறகு ஒரு பாட்டின் பாதியில் தொண்ணூறு நிமிட நாடாவின் ஒரு பக்கம் தீர்ந்துபோகும் அந்தச் சொடக்கு.